ஸ்டீயரிங் பம்பில் ஹைட்ராலிக் வின்ச்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓடும் ஒரு பழைய மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. டீசல் வண்டிக்கு, கோவையில் ஒரு வொர்க்‌ஷாப் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வின்ச் (சிக்கிய வண்டியை ரோப்பைச் சுற்றி இழுத்து மீட்கும் கருவி) மாட்டிக் கொடுத்தது. பில் ஒரு லட்சத்து முப்பதாயிரம். "எலெக்ட்ரிக் சூடாகி நின்னுடும் சார். இது நாள் முழுக்க இழுக்கும், 4,500 கிலோ கேரண்டி" என்பதுதான் விற்றவர் வாக்கு. முதல் மழையிலேயே சேற்றில் இறங்கிய வண்டியை அது அசைக்கவில்லை. ஹோஸ் வெடித்து எண்ணெய் கொட்டியதும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிட்டது. போன் செய்தால், "ரேஸ் பத்தல சார், ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சிருக்கணும்" என்று பதில்.

அந்தப் பதில் சுத்தப் பொய். கழற்றிப் பார்த்ததில் என்னென்ன இருந்தது என்று எழுதுகிறோம்.

வின்ச் மோட்டாரின் தகட்டில் எண்ணெய் அழுத்தம் 140 பார், ஓட்டம் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று அச்சாகியிருந்தது. 4,500 கிலோ என்பது அந்த அழுத்தத்துக்கான கணக்கு. ஸ்டீயரிங் பம்ப் வாயில் கேஜ் போட்டுப் பார்த்தால் 80 பாரில் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) திறந்துகொள்கிறது. ஓட்டம் 8 லிட்டர்தான். ஹைட்ராலிக் மோட்டாரில் இழுவை அழுத்தத்தைப் பொறுத்தது, வேகம் ஓட்டத்தைப் பொறுத்தது. 80-ஐ 140-ஆல் வகுத்து 4,500-ஆல் பெருக்குங்கள்: சுமார் 2,570 கிலோ. அதுவும் டிரம்மில் முதல் சுற்று அடுக்கில் மட்டும். மேலே ரோப் அடுக்கடுக்காக ஏற ஏற இழுவை குறையும். நாலாவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆள், சாமானோடு 2,200 கிலோ வரும் வண்டி அச்சு வரை சேற்றில் புதைந்தால் இது போதவே போதாது.

ரேஸ் கொடுத்தால் கூடுமா? கூடாது. ஸ்டீயரிங் பம்புக்குள்ளேயே ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் அளவுக்கு மீறி லேசாகிவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் எண்ணெயை அது திருப்பி அனுப்பிவிடும். எவ்வளவு மிதித்தாலும் ரிலீஃப் அழுத்தமும் 80 பாரைத் தாண்டாது. மொத்தச் சக்தி ஏறக்குறைய 1 கிலோவாட். 9,500 பவுண்ட் வகை எலெக்ட்ரிக் வின்ச்சுகளின் மோட்டார் பொதுவாக 4 கிலோவாட்டை ஒட்டி வருகிறது. வின்ச் எத்தனை பெரிதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் பம்ப் கொடுப்பதைத்தான் அது இழுக்கும்.

சூடாகாது என்பதும் ஏமாற்று வார்த்தை. லோடில் டிரம் நின்றுவிட்டால் அந்த 1 கிலோவாட் முழுவதும் ரிலீஃப் வால்வு வழியே வெப்பமாகிறது. ஒன்றரை லிட்டர் எண்ணெயை மட்டும் கணக்கிட்டால் ஒரே நிமிடத்தில் 20 டிகிரிக்கு மேல் ஏறும். ஆயில் கூலர் மாட்டவில்லை; பில்லிலும் இல்லை.

இனி ஹோஸ். இதுதான் உயிருக்கே ஆபத்தான பகுதி. பிரஷர் லைனில் போட்டிருந்த ஹோஸில் ஆர்6 என்று அச்சு. துணி இழை போட்ட ரகம் அது. 3/8 அங்குலத்தில் வேலை அழுத்தம் 28 பார்தான், ரிட்டர்ன் லைனுக்கு உரியது. வெடிக்கும் அளவு அதைப்போல நாலு மடங்கு என்பதால் ஒர்க்‌ஷாப் வாசலில் சோதிக்கும்போது தாங்கிவிட்டது. காட்டில் சூடேறியதும் கிழிந்துவிட்டது. போட வேண்டியது எஃகு இழை உள்ள ஆர்1 (180 பார்) அல்லது ஆர்2 (330 பார்). சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் தெறித்திருந்தால் வண்டி எரிந்திருக்கும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். காகித அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கன்ட்ரோல் வால்வும் தப்பு. சாதாரண லீவர் வால்வைப் போட்டு, அதன் டேங்க் வாயிலிருந்து (எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் வாய்) ஸ்டீயரிங் பாக்ஸுக்கு லைன் எடுத்திருந்தார்கள். அந்த வாய் அழுத்தம் தாங்க அமைந்ததல்ல. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போதெல்லாம் வால்வின் சீல் அடி வாங்கியது. அழுத்தத்தோடு எண்ணெயை அடுத்த கருவிக்கு அனுப்பும் பவர் பியாண்ட் வாய் உள்ள வால்வு வேண்டும், அதற்கு முன்னால் ஸ்டீயரிங்குக்கு முதலில் எண்ணெய் தரும் பிரயாரிட்டி வால்வும் வேண்டும்.

ஹைட்ராலிக் வின்ச்சே மோசம் என்று சொல்ல வரவில்லை. இன்ஜின் சக்தியைத் தனியே எடுத்து ஓடும் பி.டி.ஓ. பம்ப் உள்ள லாரி, டிராக்டர், ரெக்கவரி வண்டி என்றால் அதற்கு நிகர் இல்லை. ஸ்டீயரிங் பம்பை நம்பி மாட்டுவதுதான் பிரச்சினை. இன்ஜின் நின்றால் வின்ச்சும் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஓடைக்குள் இன்ஜின் அணைந்த வண்டிக்கு அது உதவாது. ஜிம்னி, தார் ராக்ஸ் இரண்டிலும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். இவற்றுக்கு ஹைட்ராலிக் செட் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எண்ணெய் எந்தப் பம்பிலிருந்து வரும் என்று கேளுங்கள்.

புகார் போனதும் அதே வொர்க்‌ஷாப் "12,000 பவுண்ட்" எலெக்ட்ரிக் வின்ச்சை மாற்றித் தந்தது. அதிலும் கோளாறு. வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 3,300 கிலோ இருந்தால் போதும். 9,500 பவுண்டே 4,300 கிலோ. கொடுத்த கேபிளோ வெறும் 16 சதுர மி.மீ. முழு லோடில் 400 ஆம்பியர் ஓடும்போது, போக வர நாலு மீட்டர் கேபிளிலேயே 1.7 வோல்ட் போய்விடும். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இது 0.8 வோல்ட். கேபிள் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். பேட்டரி பக்கத்தில் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலே) ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த வேறு வழி கிடையாது. 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் மீதி 300-ஐப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஆறவிடுங்கள். ஸ்நாட்ச் பிளாக் (ரோப்பை மடக்கி இழுக்கும் கப்பி) போட்டால் மோட்டார் மேல் வரும் பாரம் ஏறக்குறைய பாதியாகும்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கிழிந்த ஹோஸை வொர்க்‌ஷாப்பில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தகடு, ஹோஸ் அச்சு, கேஜ் ரீடிங் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.