கால் ரத்தக்குழாய்க்கு எந்த ஸ்கேன்? ஊசியோடா, ஊசி இல்லாமலா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மேடேறாமல் ஒரு நாளும் நகராது. ஏறும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறதென்றால் வயசுதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். சர்க்கரையோ பீடிப் பழக்கமோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்ப் படம், எடுக்கக் கோயம்புத்தூருக்கு இறங்கும் முன், எந்த வகை ஆஞ்சியோ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சி.டி. சட்டென்று முடியும். ஆனால் கதிர்வீச்சும், குழாயைப் படத்தில் பளிச்சென்று காட்டும் அயோடின் மருந்து ஊசியும் உண்டு. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும். சி.டி.யில் அது பளீரென்று ஊதித் தெரிவதால், முழங்காலுக்குக் கீழே ரத்தம் போக வழி இருக்கிறதா என்பதே மறைந்துவிடும். எம்.ஆர்.ஐ.யில் இந்தத் தொல்லை கிடையாது.

எம்.ஆர்.ஐ.யிலும் பல முறைகள் உண்டு. பழைய ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’, புதிதாகப் பாய்ந்து வரும் ரத்தத்தை வெளிச்சமாகக் காட்டும். தலைக்கு இன்றும் அது அருமையான முறை. காலுக்கு நேரம் இழுக்கும். ரத்தம் மெதுவாக ஓடும் இடத்தில், சுருக்கத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டிவிடும்.

எம்.ஆர்.ஐ.க்கான கடோலினியம் மருந்தை ஊசியில் போட்டு எடுத்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை தெளிவான படம் கிடைக்கும். மருந்து ஓடும் நேரத்தைத் தவறவிட்டால் மட்டும் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளும் கலந்து குழப்பும். பெரிய தயக்கம் சிறுநீரகம் பற்றியது. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு இந்த மருந்தால் தோல் இறுகிப்போகும் நோய் வரலாம் என்பது 2006-இல் வெளிப்பட்டது. இப்போதைய வளைய வடிவ மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு; ஆனாலும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது, அமெரிக்க மருத்துவர் எடெல்மன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ‘க்யூ.ஐ.எஸ்.எஸ்.’ என்ற எம்.ஆர்.ஐ. முறை. ஊசியே இல்லை. ஈ.சி.ஜி.யோடு சேர்ந்து ஓடும். ஒரு துண்டுப் பகுதியின் தசையையும் சிரையையும் முதலில் படத்தில் இருட்டாக்கி, இதயம் அடித்துப் புது ரத்தம் வந்து நிறையும் வரை காத்திருந்து, ஒரே வீச்சில் படம் எடுக்கும். இரண்டு கால்களுக்கும் சேர்த்து 10 நிமிடம் போல ஆகும். இதில் சிக்கல் உலோகம்தான். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் படத்தில் அந்த இடம் கறுத்துப்போகும், அவர்களுக்கு சி.டி.யே மேல்.

சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நான் முதலில் கேட்கச் சொல்வது க்யூ.ஐ.எஸ்.எஸ்.தான். எல்லா இயந்திரத்திலும் அந்த மென்பொருள் இருக்காது. அதனால் பர்லியார் வளைவுகளில் இறங்கும் முன்பே ஸ்கேன் மையத்துக்குப் போன் போட்டு, “ஊசி இல்லாம கால் ஆஞ்சியோ எடுப்பீங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.