சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல டிவி பாக்ஸ் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

ரெண்டரை மாசமா எங்க அப்பா வீட்டு நெட்ட யாரோ யூஸ் பண்ணிட்டு இருந்திருக்காங்க. வைஃபை பாஸ்வேர்டெல்லாம் யாரும் திருடல, நானே காசு குடுத்து வாங்கிட்டு வந்து டிவி பின்னாடி மாட்டின ஆண்ட்ராய்டு பாக்ஸ் வழியாத்தான் நடந்திருக்கு.

பெரம்பூர் வீட்ல இருக்கறது பழைய எல்இடி டிவி, ஸ்மார்ட் கிடையாது, ஆனா பேனல் நல்லா இருக்கு, அத எதுக்கு மாத்தணும், ஒரு பாக்ஸ் போட்டா அப்பா யூட்யூப்ல பழைய பாட்டு, மேட்ச் எல்லாம் பாத்துப்பாருன்னு எல்ஐசி மெட்ரோல எறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போனேன். மாடியில ஒரு கடை. 2,600 ரூபா, 8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ்னு அட்டப் பெட்டியில போட்டிருந்துச்சு. கடைப் பையன் என் கண்ணு முன்னாடியே ப்ளே ப்ரொடெக்ட்ட (கெட்ட ஆப்பக் கண்டுபிடிக்கற கூகுளோட பாதுகாப்பு) ஆஃப் பண்ணிட்டு பென்டிரைவ்ல இருந்து ஏதோ ஆப் ஏத்தினான். "எல்லா ஓடிடியும் ஃப்ரீயா வரும் சார், இது ஆன்ல இருந்தா தொல்ல பண்ணிட்டே இருக்கும்"னான். அங்கயே பாக்ஸ வெச்சிட்டு எறங்கி வந்திருக்கணும். பில் கேட்டா ஜிஎஸ்டி பில்லுக்கு 18 பர்சென்ட் தனியாம், ஒரு துண்டுச் சீட்டுல தேதியும் ரேட்டும் எழுதி சீல் குத்திக் குடுத்தான், அடியில "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது".

மூணாவது வாரத்துல இருந்து பிரச்சனை. கூகுள்ல எத தேடினாலும் நீ ரோபோவான்னு கேட்டு பஸ் படம், ஜீப்ரா கிராஸிங் படமெல்லாம் காமிச்சு டிக் பண்ணச் சொல்லுது. அப்பாவோட பேங்க் ஆப் வைஃபைல இருந்தா லாகின் ஆகாது, மொபைல் டேட்டால போனா ஆகுது. ராத்திரி ஆனா வீடியோ கால் திக்குது. நெட் கம்பெனிக்கு நாலு தடவ போன் போட்டு சண்ட போட்டேன். வந்த லைன்மேன் தம்பி மீட்டர் வெச்சுப் பாத்துட்டு "பவர் மைனஸ் 19 வருது சார், லைன்ல ஒரு கொறையும் இல்ல"ன்னாரு. அப்பவும் அவர நம்பாம பேட்ச் கார்ட (ரவுட்டருக்கு வர்ற இணைப்பு வயர) மாத்த வெச்சேன், குரல ஒசத்தி பேசினேன். தப்பு அவர் மேல இல்லன்னு தெரிஞ்சதுக்கப்புறம் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன்.

அப்புறம்தான் என்கிட்ட இருந்த ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல பை-ஹோல்ங்கற சாஃப்ட்வேர் போட்டு, வீட்ல எந்த டிவைஸ் எந்த சர்வர கூப்பிடுதுன்னு லாக் பாத்தேன். ராத்திரி 2 மணி, டிவி ஆஃப், அப்பா தூங்கிட்டாரு. லாக்ல அந்த பாக்ஸ் மட்டும் நிமிஷத்துக்கு நாலஞ்சு தடவ, கேள்விப்பட்டே இராத டொமைன்களா கூப்பிட்டுட்டு இருக்கு. எந்திரிச்சுப் போய் டிவி பின்னாடி கைய விட்டுப் பாத்தா நீல லைட் எரிஞ்சிட்டு இருக்கு, டப்பா கொதிக்குது. யாரும் தொட்டு நாலு மணி நேரம் ஆச்சு. ரவுட்டர்ல பாத்தா அது ஒண்ணு மட்டும் 11 நாள்ல 38 ஜிபி அப்லோடு. பாட்டு கேக்கற பாக்ஸுக்கு அப்லோடு எதுக்குங்க?

லேப்டாப்ல இருந்து ஏடிபி (ஆண்ட்ராய்டு டிவைஸ வேற கம்ப்யூட்டர்ல இருந்து கன்ட்ரோல் பண்ற வழி) போர்ட் 5555ல கனெக்ட் பண்ணிப் பாத்தேன், எந்த பர்மிஷனும் கேக்காம ரூட் வரைக்கும், அதாவது முழு கன்ட்ரோலோட, உள்ள விட்டுச்சு. அதாவது அந்த வைஃபைல இருக்கற யார் வேணா உள்ள போலாம். ராம் 8 ஜிபின்னு காமிக்கற ஸ்க்ரீன் பொய், நெசத்துல 2 ஜிபிதான்.

இதுக்கு பேரு ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி. உங்க வீட்டு ஐபி அட்ரஸ (நெட்ல உங்க கனெக்ஷனோட விலாசம்) வெளியில வாடகைக்கு விட்ருவாங்க, போலி அக்கவுன்ட் ஓப்பன் பண்றவன், திருட்டு பாஸ்வேர்ட போட்டுப் பாக்கறவன் எல்லாம் உங்க லைன் வழியாப் போவான். இது புதுசும் இல்ல. டி95ங்கற பாக்ஸ்ல வாங்கும்போதே மால்வேர் இருந்தது 2023 ஜனவரிலயே வெளிய வந்துச்சு. ஜெர்மனி 2024 டிசம்பர்ல இப்படி 30,000 டிவைஸுக்கும் அத இயக்கற திருடங்க சர்வருக்கும் இருந்த தொடர்ப துண்டிச்சாங்க. 2025 ஜூன்ல எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0ங்கற இந்த மால்வேர் டிவைஸ் கூட்டத்தப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, ப்ளே ப்ரொடெக்ட்ட ஆஃப் பண்ணச் சொல்றதே ஒரு அடையாளம்னு அதுலயே இருக்கு. அடுத்த மாசம் கூகுள் கேஸ் போட்டப்ப 1 கோடி டிவைஸுக்கு மேலன்னாங்க. இது ஃபர்ம்வேர்லயே (பாக்ஸோட வர்ற அடிப்படை சாஃப்ட்வேர்) உக்காந்திருக்கும், ஃபேக்டரி ரீசெட் பண்ணினாலும் போகாது.

எனக்கு தாங்க முடியாதது என்னன்னா, அந்த கனெக்ஷன் அப்பா பேர்ல இருக்கு. ஐசிஎஃப்ல 34 வருஷம் வேல பாத்துட்டு ரிட்டயர் ஆனவரு, ஒரு கம்ப்ளைன்ட்ல பேர் வராத மனுஷன். நாளைக்கு எவனோ எங்கயோ மோசடி பண்ணி ஐபிய ட்ரேஸ் பண்ணினா மொதல்ல தட்டறது எங்க வீட்டுக் கதவத்தான். அவரோட ஜிமெயிலும் அந்த பாக்ஸ்லதான் லாகின் ஆகி இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே எல்லா பாஸ்வேர்டும் மாத்தினோம். "நீதானடா வாங்கிட்டு வந்த, பாத்துதான வாங்கிருப்ப"ன்னு மட்டும் கேட்டாரு. பதில் சொல்ல முடியல.

கடைக்குப் போனா "எல்லா பாக்ஸும் இப்படித்தான் சார் வருது, ஓடுதுல்ல?"ன்னான். லாக்க காமிச்சா சீட்ல இருக்கற அடி வரிய காமிக்கறான். அந்த வரிக்கு மதிப்பு கிடையாதுங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி பில் குடுக்காததும் நேர்மையற்ற வணிகம், கொறை உள்ள பொருள திரும்ப வாங்க மறுக்கறதும் அதே. எத்தன நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு பில்லுல போடலன்னா 30 நாள் கணக்கு. எனக்கு அந்த 30 நாள் தாண்டிருச்சு, அதனாலதான் சொல்றேன், வாங்கினா மொத வாரத்துலயே செக் பண்ணுங்க. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல அபவுட் போனா டிவைஸ் கூகுள் சர்டிஃபைடா இல்லையான்னு வரும், கடையிலயே காமிக்கச் சொல்லுங்க, காமிக்கலன்னா வாங்காதீங்க. ஏற்கனவே வீட்ல இருந்தா ப்ளக்க புடுங்கிருங்க. புதுசா எந்த ஸ்மார்ட் டப்பா வாங்கினாலும் கெஸ்ட் வைஃபைல போடுங்க, போன், லேப்டாப் இருக்கற நெட்வொர்க்ல வேண்டாம்.

1915ல (தேசிய நுகர்வோர் உதவி எண்) கம்ப்ளைன்ட் பண்ணி கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிட்டேன், கடைக்காரங்க இன்னும் பதில் சொல்லல. பாக்ஸயும் சீட்டயும் ஒரு கவர்ல போட்டு பீரோல பூட்டி வெச்சிருக்கேன். அதே மாடிக் கடையில வாங்கினவங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க, பெட்டி படம் அனுப்பறேன், ஒத்துப் போச்சுன்னா சேர்ந்தே மனு போடலாம்.