ஆறு சக்கர நீர்நில வண்டி: பினாங்கு ஈரத்தில் ஆறு ஆண்டு

இந்த வகை வண்டி தண்ணீரில் இறங்குவதால் கெடுவதில்லை. கரையேறிய பிறகு, அதன் உடலாக இருக்கும் தொட்டிக்குள் தங்கிவிடும் ஈரம்தான் அதைத் தின்கிறது. மலேசியாவின் பினாங்கில் நிபோங் திபால் பக்கம் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் பூட்டப்பட்டு, செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலும் தனியார் குளத்திலும் ஆறு ஆண்டுகளாக ஓடும் 1980களின் ஆறு சக்கர வண்டியை வைத்து எழுதும் அனுபவக் குறிப்பு இது.

ஹோண்டாவின் மூன்று சக்கர வண்டி 1970இல் வரும் முன்பே இந்த இனம் இருந்தது. கனடாவில் ஜிகர் 1961இல் வந்தது. ஆன்டாரியோவின் நியூ ஹாம்பர்கில் ஆர்கோ 1967இல் வந்தது. பனிக்கும் சதுப்புக்கும் வரைந்த வண்டிகள் இவை. அடியில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் இரும்புச் சட்டம், எஞ்சின், பெல்ட், கியர்பாக்ஸ். கியர்பாக்ஸிலிருந்து இரு பக்கமும் செயின் போய் மூன்று மூன்று சக்கரங்களைச் சுற்றும். ஸ்பிரிங் கிடையாது, காற்று குறைந்த டயர்தான் ஸ்பிரிங். முன் சக்கரம் திரும்பாது. இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம் பிரேக் பிடிக்கும், வலப்பக்கம் வேகமெடுக்கும், வண்டி திரும்பும். தண்ணீரில் டயரின் பற்களே துடுப்பு.

வாங்கும் முன் தொட்டி எதனால் ஆனது என்று தெரிந்தாக வேண்டும். இருக்கைக்கு அடியில், கண்ணில் படாத ஓரத்தில் நகக்கண் அளவு சீவி, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன். அடியில் தங்கினால் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்கிளாஸ். அசிட்டோன் நனைத்த பஞ்சு பட்டதும் பிசுபிசுத்தால் ஏபிஎஸ். ஏபிஎஸ் விரிசலை அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த கூழால் அடைக்கலாம். ஃபைபர்கிளாஸுக்கு ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் போதும். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. எப்போக்சி பூசிக் கொடுத்த வண்டிகளைப் பார்க்கலாம். சில நாளில் அப்பளம்போல் உரிந்து வந்துவிடும். சூட்டில் உருக்கி ஒட்டுவதே நம்பகமான வழி.

அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் 4 மி.மீ. துளை போடுங்கள், போடாவிட்டால் ஒட்டிய பிறகும் விரிசல் நீண்டுகொண்டே போகும். விரிசலை ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில், கனத்தில் முக்கால் பங்கு ஆழத்துக்குச் சீவுங்கள். வெயில் பட்டு வெளுத்த மேல்தோலை ஒட்டுவதற்குச் சற்று முன்பு சுரண்டி எடுக்க வேண்டும். முந்தின நாளே சுரண்டி வைத்தால் பயனில்லை. நிரப்பும் கம்பிக்குப் பழைய நீல நிற ரசாயன டிரம்மிலிருந்து 6 மி.மீ. அகலத்தில் வெட்டிய பட்டையே நன்றாக வேலை செய்கிறது. முதலில் வேண்டாத ஓரத்தில் ஒட்டி, ஆறியதும் குறட்டால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நார்நாராகக் கிழிந்தால் நல்ல ஒட்டு. வழுவழுப்பாகப் பெயர்ந்து வந்தால் பிளாஸ்டிக் பொருந்தவில்லை அல்லது சூடு போதவில்லை. காற்றுச் சூடு 300 டிகிரி அளவில் இருக்கட்டும். பரப்பு ஈரம் பூத்ததுபோல் மின்னும் நொடியில் பட்டையை அழுத்த வேண்டும். புகை வந்துவிட்டால் அந்த இடம் கருகிப் பலம் இழந்துவிட்டது, சீவி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உள்பக்கத்தில் எவர்சில்வர் வலைத் துண்டைச் சூடாக்கி அமுக்கிவிட்டால் ஒட்டு இன்னும் உறுதி.

ஒழுக்கு பார்க்கக் குளத்துக்குப் போக வேண்டியதில்லை. எஞ்சின் இறங்கியிருக்கும்போது தொட்டிக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி, வெளியே முகப்பவுடர் தூவி வையுங்கள். கசிவு கோடுபோட்டுக் காட்டும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. தண்ணீரே 200 கிலோ. ஆகவே அடியில் பலகை முழுதாகத் தாங்க வேண்டும். நாலு கட்டையில் நிறுத்திவிட்டு ஊற்றினால் தொட்டி புதிதாக ஒரு விரிசலைக் கொடுக்கும்.

ஆறு சக்கரத்துக்கு ஆறு ஆக்ஸில், ஆக்ஸிலுக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு, ஆகப் பன்னிரண்டு பேரிங். இங்கே பலர் ஏமாறும் இடம் அளவு. ஆக்ஸில் ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மி.மீ. கடையில் 206 என்று மட்டும் கேட்டால் 30 மி.மீ. துளையுள்ள மில்லிமீட்டர் பேரிங் வரும். ஆக்ஸிலைக் கடைசல் பிடித்து நுழைக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம், ஆக்ஸில் பலமிழக்கும். யூசி 206-20 என்று எண் முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். வெளி அளவு அதே 62 மி.மீ., துளை ஒன்றேகால் அங்குலம். வெளிப்பக்கப் பேரிங் தாங்கியைத் தொட்டியோடு இறுக்கும்போது சிலிக்கோனை நம்பாதீர்கள், பாலிஎத்திலீனில் அது பிடிக்காது. 3 மி.மீ. ரப்பர் கேஸ்கெட், உள்பக்கம் அகலமான எஃகுப் பட்டை, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது, இவைதான் தண்ணீரை நிறுத்துகின்றன. ஒவ்வொரு குளத்து ஓட்டத்துக்குப் பிறகும் வெளிப்பக்கம் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை பம்பு அடிக்க வேண்டும்.

ஆக்ஸிலைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். அதைக் கெடுப்பது சேறு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆறு ஆண்டில் போன சீல்களில் பாதிக்கு மேல் தூண்டில் நரம்பால் போனவை. மீன் பிடிக்கும் குளங்களில் அறுந்து கிடக்கும் நரம்பு ஆக்ஸிலில் சுற்றி, சூடேறி, சீலின் உதட்டைக் கத்திபோல் அறுத்துவிடுகிறது. மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி ஹப்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இனி செயின். இதில் காசைக் குறைக்கக் கூடாது, காரணம் பிரேக். பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸின் பக்கத்தில் இருக்கிறது. செயின் அறுந்தால் அந்தச் செயினில் தொங்கும் சக்கரங்களுக்கு ஓட்டம் மட்டுமல்ல, பிரேக்கும் இல்லை. சரிவில் அது நடந்தால் வண்டியை நம்பி நிறுத்த முடியாது.

இந்த வண்டியில் 50ஆம் எண் செயின். ஒரு கண்ணி 15.875 மி.மீ. மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 530 செயினும் இதே கண்ணி, இதே உருளை, இதே உள் அகலம். 520ஐ வாங்கிவிடாதீர்கள், கண்ணி நீளம் ஒன்றுதான், உள் அகலம் 6.35 மி.மீ. என்பதால் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தில் உட்காராது. சின்ன மோட்டார் சைக்கிள்களின் 428 செயினுக்குக் கண்ணியே வேறு. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்ட 530 வாங்கினால் வெளி அகலம் கூடும். சட்டத்திலோ பக்கத்துச் செயினிலோ உரசுகிறதா என்று கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். தேய்மானம் பார்க்க 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளங்கள். புதிதில் 317.5 மி.மீ. 322 தாண்டினால் மாற்றும் காலம். மாற்றும்போது ஒரு பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும். நீளம் பொருந்தவில்லை என்று அரைக் கண்ணி சேர்ப்பது இந்த வண்டிகளில் அடிக்கடி காணும் பிழை. அறுவதும் அந்தக் கண்ணியில்தான். சிமெண்டுத் தரையில், தார்ச் சாலையில் நின்ற இடத்தில் திருப்புவதும் செயினைக் கொல்லும். மண்ணில் டயர் சறுக்கும், தாரில் சறுக்காது, அந்த முறுக்கு முழுவதையும் செயின் தாங்குகிறது. திருப்பியே ஆக வேண்டுமென்றால் பெரிய வட்டமாக எடுங்கள்.

இதோடு சேர்ந்தது டயர் அளவு. ஒரு பக்கத்து மூன்று சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டுப்பட்டவை. ஒன்று புது டயர், ஒன்று தேய்ந்தது என்றால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும். தையல் டேப்பால் சுற்றளவை அளந்து, நெருங்கிய மூன்றை ஒரு பக்கம் போடுங்கள். காற்று 2 பிஎஸ்ஐ அளவுதான். பெட்ரோல் நிலையத்து மீட்டரில் அது தெரியாது. 0 முதல் 10 வரை காட்டும் மீட்டர் தனியாக வாங்க வேண்டும்.

எஞ்சினுக்கு இங்கே பகை வெப்பம். குளிர்நாட்டுக்கு வரைந்த, காற்றால் ஆறும் எஞ்சின் மூடிய தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கிறது. குளிர்காற்று வரும் வழியையும் சூடு போகும் வழியையும் தகட்டுக் குழாயால் பிரித்துவிட்டதுதான் இந்த மறுசீரமைப்பில் அதிகப் பலன் தந்த ஒரே மாற்றம். தொடுமுனைகள் திறந்து மூடும் பாயிண்ட் வகை இக்னிஷன் என்றால் அவற்றின் இடைவெளி 0.5 மி.மீ.; ஒரு மாதம் ஓட்டாமல் வைத்தால் பாயிண்ட் பூத்துவிடும், கெட்டித்தாளை இடையில் விட்டு இழுத்தாலே பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும். கியர்பாக்ஸ் எண்ணெய் தேநீர்ப் பால் நிறத்துக்கு மாறினால் மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் போயிருக்கிறது. அந்தக் குழாயை ரப்பர் ஹோஸால் இருக்கை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். சாதாரண வண்டியில் ஒழுகினால் தரையில் போய்விடும். இங்கே தொட்டியின் அடியில் தேங்கும். பழைய எரிபொருள் ஹோஸ் அத்தனையும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.

முதல் மிதப்பு இடுப்பளவு ஆழத்தில், கயிறு கட்டி, மிதவைச் சட்டையோடு. ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டைகள் (லம்பம்) வேண்டாம். கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிவிடும், ஏறி வரச் சரிவு கிடைக்காது. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரில் வரும்; கையில் காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். கடல்நீரில் விட்டால் அன்றே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவியாக வேண்டும். பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவில்லாத வண்டி குற்றம். லோரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பினாங்கில் பலர் இதை மீட்பு வண்டியாக நினைத்து விசாரிக்கிறார்கள். டயர் துடுப்பில் நடக்கும் ஆள் அளவுக்குத்தான் நகரும். ஓடும் வெள்ளத்தில் வண்டி போகும் திசையை நீர்தான் முடிவு செய்யும். தேங்கி நிற்கும் நீரில் மட்டும் பயன்.

ஓட்டி முடித்ததும் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, பின்னால் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து, இருக்கைகளைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். வடியும் நீரில் செயின் எண்ணெய் கலந்திருக்கும். குளத்தோரம் விடாமல் பேசினில் பிடியுங்கள். கழற்றிய அடைப்பைச் சாவியோடு கட்டிவிடுங்கள், அடைப்பு இல்லாமல் யாரும் தண்ணீரில் இறக்க முடியாது. மறுநாள் காலை தொட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்தால் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தட்டினால் அடைப்பைப் பூட்டாமல், வெளிப்பக்க சீல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.