கோரிகாஞ்சாவில் இரண்டு மணி நேரம்: ஒரு வழிகாட்டல் சேவை குறித்து

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலுள்ள கோரிகாஞ்சாவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது இன்காக்களின் சூரியக் கோயில் அன்று. அதன் மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய சாந்தோ தோமிங்கோ துறவிமடத்தின் வளைவுத் தாழ்வாரமே. தனியாக வருபவர் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுகூட ஐயுறலாம் என்பதால், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் இரண்டு மணி நேர வழிகாட்டல் சுற்றில் சேர்ந்துகொண்டேன்.

அதன் முதல் ஒரு மணி நேரம் கொடுத்த பணத்துக்கு மேலேயே தந்தது. வழிகாட்டி எங்களை ஒரே சுவரின் முன் நெடுநேரம் நிறுத்திவைத்தார். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருந்தியிருப்பதை எல்லோரும் வியப்பார்கள். அவரோ, சுவர் உட்புறமாகச் சற்றே சாய்ந்திருப்பதையும், வாசல்களும் மாடக்குழிகளும் மேலே செல்லச் செல்லக் குறுகுவதையும் காட்டி, 1650-லும் 1950-லும் வந்த நிலநடுக்கங்களில் மடத்தின் பகுதிகள் இடிந்தபோது இச்சுவர்கள் நின்றதற்கு இந்த அமைப்பே காரணம் என்று விளக்கினார். இரும்புக் கருவி அறியாத இன்காக்கள் கடினமான கற்களைக் கொண்டே இக்கற்களைக் கொத்தித் தேய்த்தார்கள். நாணயம் இல்லாத அந்த அரசில் மக்கள் வரியை உழைப்பாகச் செலுத்திய ‘மித்தா’ முறையையும், வேலைக்கு வந்தவர்களுக்கு அரசே உணவும் சோள மதுவான சிச்சாவும் அளித்ததையும் அவர் சுவரோடு சேர்த்தே சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பொன் பற்றிய பகுதியையும் மிகைப்படுத்தாமல் சொன்னார். 1532 நவம்பரில் கஹாமார்கா நகரில் ஸ்பானியர்களால் சிறைபிடிக்கப்பட்ட இன்கா அரசர் அதாவால்பாவின் மீட்புத்தொகைக்காக இக்கோயிலின் பொற்தகடுகள் பெயர்க்கப்பட்டன. தொகை சேர்ந்த பின்னும் 1533-இல் அவர் கொல்லப்பட்டார்.

அதன் பிறகு சுற்று தளர்ந்துவிட்டது. இன்காக்கள் கணக்குப் பதிந்துவைத்த முடிச்சுக் கயிறான ‘கிப்பு’வை, யாராலும் படிக்க முடியாத மர்மம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். உண்மையில் அதன் எண்களைப் படிக்க முடியும்: முடிச்சின் வகையும் கயிற்றில் அது இருக்கும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்னும் மதிப்பைக் காட்டும், முடிச்சில்லாத இடம் சுழியம். எண்ணுக்கு அப்பால் மொழியையும் அது பதிந்ததா என்பதில்தான் ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. இவ்வளவு சுவையான செய்தியை விட்டுவிட்டு, கண்களை மூடிக் கற்களின் ‘ஆற்றலை’ உணருமாறு எங்களைப் பத்து நிமிடம் நிற்கவைத்தது ஏன் என்று விளங்கவில்லை. கணக்கும் களஞ்சியமும் சாலையும் கொண்டு ஒரு பேரரசை நடத்தியவர்களை மந்திரவாதிகளாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நகரின் சுற்றுலாச் சீட்டான ‘பொலேட்டோ துரிஸ்திக்கோ’வில் இக்கோயில் அடங்காது, தனியாக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். நிறுவனம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்திறங்கிய அன்றே இதற்குப் பதிவு செய்யாதீர்கள்.

கல்லைப் பற்றி அறிய விரும்புவோர் இச்சுற்றில் தாராளமாகச் சேரலாம். கிப்புவுக்காகச் சேர வேண்டாம். கோயிலின் புகழ்பெற்ற வளைசுவரை மட்டும் வெளியே வந்து, எல் சோல் சாலையோரம் தோட்டத்துக்கு அப்பால் நின்று பாருங்கள்; அதற்குச் சீட்டும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம்.