மும்பைப் புழுக்கத்தில் வைட்டமின் சி சீரம்

முகத்தில் பூசும் திரவமான வைட்டமின் சி சீரம் வாங்கும் பலரும், அதில் வைட்டமின் சி எவ்வளவு என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் சதவீதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மும்பையின் செம்பூரில் குடியிருந்துகொண்டு சில ஆண்டுகளாக இதைப் பூசிவரும் நான் பார்ப்பது தயாரிப்புத் தேதியையும் குப்பியின் அளவையும்தான். சருமத்தில் நேரடியாக வேலை செய்யும் வைட்டமின் சி வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிவிடும். மே மாதத்திலும், மழை ஓய்ந்த அக்டோபரிலும் இந்த ஊரில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை.

கெட்டுப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திறந்த புதிதில் நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும் திரவம், நாளாக நாளாக அடர்ந்து, கடைசியில் பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிடும். பழுப்பேறியதைப் பூசினால் பயன் குறைவது ஒருபுறமிருக்க, நகக்கண்ணிலும் தலையணை உறையிலும் காவிக் கறை படியும். தள்ளுபடியில் வாங்கிய ஒரு குப்பி பிரிக்கும்போதே அப்படித்தான் இருந்தது. அதன் இயல்பான நிறமே அதுதான் என்று சொல்லி மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அதனால் இப்போது 15 மில்லி குப்பி, அதுவும் அடர்நிறக் கண்ணாடியிலோ காற்றுப் புகாத பம்ப்பிலோ வருவதாக இருந்தால் மட்டுமே வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்துவிடுகிறேன்.

சதவீதத்தைப் பொறுத்தவரை 10 முதல் 20 வரை போதும். அதற்கு மேல் போனால் தோலுக்குள் இறங்கும் அளவு கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க, சீரத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதால் முதலில் சற்றுச் சுரீரென்று இருப்பது இயல்பே. வைட்டமின் சி-யோடு வைட்டமின் ஈ-யும், தாவரங்களில் உள்ள ஃபெருலிக் அமிலமும் சேர்ந்த கலவை எளிதில் கெடுவதில்லை, வெயிலிலிருந்து தரும் பாதுகாப்பும் கூடுகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. விலையும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது. பருத்தொல்லையும் கூச்சமுள்ள தோலும் கொண்ட என் நாத்தனாருக்கு ஒத்துக்கொண்டது வைட்டமின் சி-யின் இன்னொரு வடிவமான சோடியம் அஸ்கார்பில் ஃபாஸ்பேட். எரியாது, ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். எலுமிச்சைச் சாறு இதற்கெல்லாம் மாற்றே அல்ல. அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கருத்துப்போகக்கூடும்.

காலையில் முகம் கழுவி, ஈரம் காய்ந்தபின் மூன்று நான்கு சொட்டுப் பூசி, அது உலர்ந்ததும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்கிறேன். சொட்டுகளைக் கூட்டினால் ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் முகமெல்லாம் பிசுபிசுத்து, குர்லாவில் இறங்குவதற்குள் கைக்குட்டையோடு வந்துவிடுகிறது. பருக்கள் விட்டுச்சென்ற தழும்புக் கறைகள் சில மாதங்களில் நன்றாகவே மங்கின, தோலில் ஒரு தெளிவும் வந்தது. கன்னத்து மங்கு மட்டும் அசையவில்லை; அதற்குத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பைத் தனியாக இரவில் பூசுகிறேன்.