உப்புக் காற்றில் பிக்கப்பின் பிரேக்: ஏழு ஆண்டு அனுபவம்

மண்டபத்து மீன் இறங்குதளத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் பிக்கப் ஒன்றை 2018 முதல் வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக் என்ற வழக்கமான அமைப்பு. ஒன்றரை டன் வரை ஏற்றும். உச்சிப்புளி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போகும் அந்தச் சாலையில் பிரேக்கைச் சூடேற்றும் மலை இறக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதற்குள், சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டான டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் முன்பக்கப் பேடுகளை மூன்று முறையும், டிஸ்க்குகளை இரண்டு முறையும் மாற்றிவிட்டேன். ஓடித் தேய்ந்ததைவிட உப்பில் கெட்டதே அதிகம். எனவே கடலோரத்தில் ஓடும் சுமை வண்டிக்குப் பேடு வாங்குகிறவர், அது எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன், துருவை எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும் என்பேன்.

வண்டியோடு வந்த பேடுகள் 58,000 கிலோமீட்டர் உழைத்தன. 2021 பிப்ரவரியில் அவற்றை மாற்றும்போது, விலை பாதிதான் என்பதால் கடைக்காரர் எடுத்துத் தந்த பெயர் தெரியாத செட்டை வாங்கி மாட்டினேன். அந்த ஆண்டு ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கியது. நாட்டுப்படகு மீன் வந்தாலும் பிக்கப் நிறையும் அளவுக்கு வராது என்பதால், வண்டி கடற்கரையிலிருந்து இருநூறு அடி தள்ளியிருந்த கொட்டகையில் நின்றது. ஜூன் மாதம் எடுத்தபோது முன்சக்கரங்கள் உருள மறுத்தன; கிளட்சை விட்டதும் ‘டக்’கென்று ஏதோ பிய்ந்ததுபோல் சத்தம் கேட்டு, அதன் பிறகே வண்டி நகர்ந்தது. இராமநாதபுரத்தை நெருங்குவதற்குள் இடப்பக்கச் சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உராயும் ஓசை வந்துவிட்டது.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது, பேடில் டிஸ்க்கை உரசும் பகுதியான லைனிங் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. ஆனால் அது ஒட்டியிருந்த இரும்புத் தகட்டை விட்டுத் தனியே பெயர்ந்து வந்திருந்தது. தகட்டின் மேல் பூசியிருந்த கறுப்புப் பெயின்டுக்கு அடியில் துரு பொருக்குப் பொருக்காகக் கிளம்பி, லைனிங்கை உள்ளிருந்து நெம்பித் தள்ளியிருக்கிறது. “தம்பி, இது தேஞ்ச பேடு இல்ல, உப்பு தின்ன பேடு” என்று மெக்கானிக் அண்ணன் சொல்லி, அந்தத் தகட்டைத் திருகாணியால் சுரண்டிக் காட்டினார். பிஸ்கட் உதிர்வதுபோல் துரு உதிர்ந்தது. அன்று எனக்கு முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து திடீரென்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு, ரோட்டார் என்று உதிரிபாகப் பட்டியலில் எழுதப்படும் டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்றினேன். இரும்பு நார் கலந்த செமி மெட்டாலிக் பேடுகளும், பூச்சு எதுவும் இல்லாத சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க்குகளும் மாட்டப்பட்டன. பிடிமானத்தில் இந்த ஜோடியைக் குறை சொல்ல முடியாது. முழு லோடில்கூட மிதித்த மாத்திரத்தில் நின்றது. கொடைக்கானல் சாலையில் ஓடும் வண்டிக்கு இதையே பரிந்துரைப்பேன். இங்கே நடந்தது வேறு. லைனிங்கில் உள்ள இரும்பு நாரும் டிஸ்க்கும் சேர்ந்தே துருப்பிடிப்பதால், இரவு உப்பு ஈரத்தில் நின்ற வண்டியில் காலையில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இறங்குதளத்தில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கிய தரையில் முன்சக்கரம் நின்றபடியேதான் லோடு ஏறுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் டிஸ்க்கின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் விழுந்தன, வெளிவிளிம்பில் வரப்புபோல் ஒரு மேடு எழுந்தது, ஸ்டியரிங்கில் நடுக்கமும் தொடங்கியது. லேத்தில் கொடுத்து ஒருமுறை சீவினேன். அது சரியான முடிவன்று என்று இப்போது நினைக்கிறேன், ஏனெனில் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டது. அந்த அளவுக்குக் கீழே போன டிஸ்க் சூட்டை உள்வாங்காது, விரிசலும் விடலாம். அதைச் சீவிச் சீவி ஓட்டுவது மிச்சம் பிடிப்பது ஆகாது.

2023 ஆகஸ்டில் மாட்டியவைதான் இன்றும் ஓடுகின்றன: துத்தநாகத் துகள் பூச்சு கொண்ட டிஸ்க்குகளும், துத்தநாகம் பூசிய தகட்டில் அமைந்த செராமிக் பேடுகளும். டிஸ்க்கில் பேடு உரசும் முகத்திலுள்ள பூச்சு முதல் சில நாட்களிலேயே தேய்ந்து போய்விடும், அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் மேல் அமரும் தொப்பிப் பகுதியிலும், விளிம்பிலும், காற்று போகும் உள்வரிகளிலும் அது தங்கியிருப்பதே நமக்கு வேண்டும். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வையும், அடுத்தது மிகுந்த சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். ‘எஃப்’ என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. நான் வாங்கியது ‘எஃப் எஃப்’. எங்கள் சமதளச் சாலைக்கு அது தாராளமாகப் போதும். ‘இ’யில் தொடங்கும் பேடைச் சுமை வண்டிக்கு வாங்க மாட்டேன். துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் மணலும் உப்பும் அந்தத் துளைகளில்தான் குடியேறும்.

இந்தச் செட்டில் ஒரு குறை உண்டு. அதிகாலைக் குளிரில் முதல் இரண்டு மிதியில் பிடிமானம் சற்று மந்தமாக இருக்கும், பேடு சிறிது சூடான பிறகே முழு வலு வரும். விலையும் பழைய ஜோடியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்த இரண்டு முறையும் சக்கரம் ஒட்டவில்லை, குழியும் விழவில்லை.

எவ்வளவு நல்ல பேடு வாங்கினாலும் பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிவிட்டால் பயனில்லை. அது நகராதபோது, பேடைத் தள்ளும் பிஸ்டனின் பக்கத்திலுள்ள உள்பேடு மட்டும் தேய்ந்து தீரும், வெளிப்பேடு புதிதுபோல் இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ‘நிறைய இருக்கிறது’ என்று சொல்வோர் தவறுவது இங்கேதான். ஆண்டுக்கு இருமுறை பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் ஊதிப்போய்ப் பின்னையே இறுக்கிவிடும். டிஸ்க்கை மாட்டும் முன் ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பதும் அப்படித்தான்: மயிரிழை அளவு துருப் பொருக்கு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து நடுக்கம் கொடுக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுகிறேன்.

இப்போது தடைக்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்துவதில்லை. முதல் நாள் சக்கரங்களை நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் போகும்வரை பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டிவிட்டு, கை பிரேக் போடாமல் கட்டை கொடுத்து நிறுத்துகிறேன். பிறகு வாரம் ஒருமுறை உச்சிப்புளி வரை போய் வருகிறேன். கடந்த ஜூனில் அளந்தபோது டிஸ்க் புதிதாக இருந்ததைவிட 0.6 மில்லிமீட்டர்தான் தேய்ந்திருந்தது, பேடுகளில் 6 மில்லிமீட்டர் மீதம் இருந்தது. வலப்பக்க உள்பேடு மட்டும் 5 காட்டியது. கீழ்ப் பின்னை இழுத்துப் பார்த்தோம். ரப்பர் பூட்டில் நகக்கீறல் போல ஒரு கிழிசல், உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரம். பூட்டையும் பின்னையும் மாற்றிய பிறகே அன்றைய லோடுக்குப் புறப்பட்டேன்.