பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு மாற்று கார்புரேட்டர்: குமுளி மலைப்பாதை அனுபவம்

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றிச் செல்லும் எங்கள் மஹிந்திரா பிக்கப்பில், 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினின் பழைய கார்ட்டர் கார்புரேட்டருக்கு (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பதிலாக, சோலக்ஸ் வகை மாற்று ஒன்றைக் கடந்த ஆண்டு பொருத்தினோம். பழையதில் த்ராட்டில் தண்டு (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) தேய்ந்து, அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே புகுந்ததால், எத்தனை முறை ட்யூன் செய்தாலும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சீராக இருக்கவில்லை. இந்த நிலைக்கு வந்த கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் போட்டுச் சரிசெய்வது வீண் செலவு என்பதே என் கருத்து.

புதியது அப்படியே பொருந்திவிடவில்லை. ஆக்ஸிலரேட்டர் மிதியைக் கார்புரேட்டருடன் இணைக்கும் லிங்கேஜை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை) மட்டமும் உயரமாக இருந்ததால், மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் வழிந்து வாடை வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. மலை மேலே காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடத்தான் செய்யும், ஆனால் அதற்காகச் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பாகம்) போட்டால் கீழே சமவெளியில் பாரத்தோடு ஓடும்போது இன்ஜின் சூடேறும். ஆகவே ஜெட்டைத் தொடாமல் ஃப்ளோட்டை மட்டும் இறக்கினோம்; வழிதல் நின்றது.

வாங்குபவர்கள் கார்புரேட்டர் அடித்தட்டின் போல்ட் துளை இடைவெளியை அளந்துகொண்டு போவதுடன், அதன் பம்ப் டயஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வு) எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.